வேன் அந்த வழியாக வராது

ஏழு வயது மகளிடம் வேன் வரும் என்று சொல்லி அவளைச் சாலையோரத்தில் காத்திருக்க வைத்துவிட்டு, நானும் என் மனைவியும் மகனும் ஏற்காட்டுக்குப் போனோம். வேன் அந்த வழியாக வராது என்று எனக்குத் தெரியும். டிரைவருக்கு வழி சொன்னவனே நான்தான்.

முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் குறிப்பெழுதிப் பழகிய கை என்னுடையது. எதைச் சொன்னாலும் அதன் கீழே நாலு காரணம் எழுதத் துடிக்கும். அந்தப் பழக்கத்தை அடக்கிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தேன். வேங்கிக்காலில் வீடு பார்த்தோம். மகனுக்கு அப்போது எட்டு வயது, மகளுக்கு ஐந்து. புது அலுவலகம், புது ஆட்கள். எங்கள் பிரிவில் ஐந்தாறு குடும்பங்கள் சீக்கிரமே நெருங்கிவிட்டோம். கோடை விடுமுறை வந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து எங்காவது போவது என்று ஏற்பாடாகியது. எங்கள் அதிகாரியும் குடும்பத்தோடு வருவார். அவர்கள் சென்னைக்காரர்கள். அவர் மனைவி மெதுவாகப் பேசுவார், எல்லோரையும் மரியாதையாக நடத்துவார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் தாத்தாவும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை போட்டுப் பிழைத்தவர்கள். அதிகாரி குடும்பத்தோடு ஒரே வேனில் உட்கார்ந்து போவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முதல் வருடம் சாத்தனூர் அணைக்குப் போனோம். என் மகளுக்குப் பஸ், வேன் எதுவும் ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினாலே முகம் வெளுத்துவிடும். ஜன்னலோரம் உட்கார வைத்து, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துத்தான் அவளைக் கூட்டிப்போவோம். அன்று போகும்போது ஒன்றும் ஆகவில்லை. அணையில் முதலைகளைப் பார்த்தாள், பூங்காவில் ஓடினாள், பொரித்த மீன் தின்றாள், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் தின்றாள். திரும்பும்போது அதிகாரியின் மனைவி, "இங்க வா கண்ணு, ஆன்ட்டி மடில உக்காரு" என்று ஆசையாகக் கூப்பிட்டார். பெருமையாக அனுப்பிவைத்தேன். தண்டராம்பட்டு தாண்டுவதற்குள் மீன், மாங்காய் எல்லாம் அவர் புடவையில் வந்துவிட்டது.

"பரவால்லைங்க, குழந்தைதானே" என்றார் அவர். ஆனால் வீடு வந்து சேரும்வரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் நான் உட்காருவதற்கு முன்பே பக்கத்து மேசைக்காரர் ஆரம்பித்துவிட்டார். "இன்னா சார், சாத்தனூர்ல ஷட்டர தொறந்து விட்டது உங்க பொண்ணாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க யார் என்னைப் பார்த்தாலும், "தண்ணி எவ்ளோ கன அடி?" என்று கேட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். என் காதில்தான் அது விளையாட்டாக விழவில்லை.

அடுத்த கோடையில் ஏற்காடு என்று முடிவானது. மூன்று நாள். ஒருநாள் அதிகாரியின் வீட்டுக்கு ஏதோ காகிதம் கொடுக்கப் போயிருந்தபோது அவர் மனைவி, "உங்க பாப்பாவுக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஒத்துக்குமா? பாவம், கஷ்டப்படுவாளே" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். அதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

குழந்தையிடம் சொல்லாமல் நழுவுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. சொன்னால் அழும், காலைக் கட்டிக்கொள்ளும். அதனால் கோழிக்குஞ்சைக் காட்டுகிறேன் என்று ஒருவர் கொல்லைப் பக்கம் தூக்கிப்போவார், மற்றவர்கள் வாசல் வழியாகப் பஸ் ஏறிவிடுவார்கள். என் அம்மாவும் என்னை அப்படி விட்டுவிட்டுக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறாள். கொஞ்ச நேரம் அழுவோம், பிறகு மறந்துவிடுவோம். அப்படித்தான் பெரியவர்கள் சொல்வார்கள். மறந்தோமா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

மனைவியிடம் சொன்னபோது, "அவள உட்டுட்டு எப்டிங்க போறது? சொல்லிட்டாவது போலாம்" என்றாள்.

"சொன்னா ஊரைக் கூட்டிடுவா. எங்க அக்கா வீட்ல விட்டுடலாம். மூணு நாள்தானே?"

"அப்ப நானும் வர்ல."

"எல்லா வீட்லயும் பொண்டாட்டி வராங்க. நான் மட்டும் தனியா போய் நிக்கணுமா?"

அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்காவை அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்திருந்தது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மாமா போய்ச் சேர்ந்த பிறகு, இருந்த நிலத்தில் மல்லாட்டையும் காய்கறியும் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு வாசலில் பானை வைத்து மோர் விற்பாள். வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. பிள்ளை இல்லாதவள். என் மகள் என்றால் உயிர். மகளுக்கும் அத்தை என்றால் அப்படித்தான். சனிக்கிழமை ஆனால், "அத்தை வீட்டுக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மொபெட்டில் அவளை அங்கே கொண்டுபோனேன். அவள் துணி இரண்டும் ஒரு ஒயர்கூடையில். கையில் எலுமிச்சம்பழம். வழியில் கேட்டாள்.

"நான் மட்டும் ஏம்பா அத்தை வீட்ல ஏறணும்?"

"வேன் நேரா போவாதும்மா. முதல்ல மலையைச் சுத்தி சாமி கும்பிட்டுட்டுத்தான் ஏற்காடு போவுது. அத்தை வீட்டாண்டதான் வரணும். நீ இங்க ஏறிக்கிட்டா வேன்ல உக்கார நேரம் கம்மியாவும். வாந்தி வராது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். எங்கள் ஊர்க் குழந்தை. மலையைச் சுற்றுகிற எல்லோரும் மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டுதான் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப ஆசிரமம் பக்கத்துலேர்ந்து வரும். நான் அந்தப் பக்கம் பாத்துனு நிக்கணும்."

"ஆமா."

"நான் காலைல ஒண்ணும் சாப்ட மாட்டம்பா. தண்ணி கூட குடிக்க மாட்டேன். அப்ப வாந்தி வராது இல்ல?"

"வராது" என்றேன்.

ஒரு பொய்யை நம்பவைக்க மலையைச் சாட்சிக்கு இழுத்தேன். வேறு ஊராக இருந்தால் வேறு பொய் சொல்லியிருப்பேன். அதை அவள் நம்பியிருக்கமாட்டாள்.

அக்காவிடமும் அதையேதான் சொன்னேன். காலையில் வேன் வராதபோது அவளே புரிந்துகொள்வாள், எப்படியாவது குழந்தையைச் சமாளித்துக்கொள்வாள் என்பது என் கணக்கு. சமாளிப்பது எப்போதும் அவள் வேலையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வேன் ஊரைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் போனது. ஆசிரமத்துக்கு அப்பால் கிரிவலப் பாதை வலது பக்கம் பிரியும். அங்கிருந்து அக்கா வீடு நாலைந்து கிலோமீட்டர்தான். வேன் நேராகப் போனது. என் மனைவி வலது பக்க ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். மகன் என் காதருகில் வந்து, "பாப்பா அங்க நிக்கறாளாப்பா?" என்றான். "அத்தையோட விளையாடினு இருப்பா" என்றேன். பின் சீட்டிலிருந்து பக்கத்து மேசைக்காரர், "இந்த வருஷம் ஷட்டர் மூடிக்கிச்சு போல" என்றார். நான் திரும்பிச் சிரித்தேன்.

ஏற்காட்டில் எனக்கு நன்றாகவே பொழுது போனது. இதை மறைத்தால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை. ஏரியில் படகு விட்டோம். அதிகாரி நான் சொன்ன ஒரு கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனைவி என் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். யாரும் வாந்தி எடுக்கவில்லை. இரண்டாம் நாள் என் மனைவி கமலா ஆரஞ்சு வாங்கி உரிக்காமலேயே பையில் போட்டுக்கொண்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் மகளைக் கூட்டிவரப் போனேன். அக்கா வாசலில் மல்லாட்டை உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாடா, சாமி சுத்தி முடிச்சாச்சா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. தப்பு செய்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற முகம்.

"அப்பா, நான் நின்னுனுதாம்பா இருந்தேன். எழுந்ததுலேர்ந்து நின்னேன். அத்தைதான் கூழு குடிக்க வா வான்னு கூப்ட்டுச்சு. ரெண்டே நிமிஷம்தான் உள்ள போனேன். அப்பத்தான் வேன் போயிடுச்சாப்பா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பாள், என்னை அடித்திருப்பாள், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். அதோடு போயிருக்கும். எனக்கோ அவள் கேள்வி ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது.

"இருக்கும்மா" என்றேன். "டிரைவர் ஆரன் அடிச்சாரு. யாரும் வர்ல. லேட்டாவுதுன்னு எடுத்துட்டாரு."

அவள் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். "நான்தான் கூப்ட்டேன் பாப்பா, என்மேலதான் தப்பு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

ஏற்காட்டுக்குப் போனதைவிட, வேன் வரும் என்று சொன்னதைவிட, அந்த "இருக்கும்மா" என்ற ஒரு சொல்லைத்தான் நான் என் பெரிய குற்றமாக நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மகள் செருப்பு மாட்டவில்லை. கேட்டால், "வீட்டுப்பாடம் இருக்கு" என்பாள். அக்கா மல்லாட்டை அவித்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவாள். மகள் தொடமாட்டாள். "அத்தை வந்திருக்காங்க பாரு" என்றால் வந்து நிற்பாள், போய்விடுவாள். குழந்தைகள் இவ்வளவு நாள் கோபத்தை வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோபம் என்மேல் இருக்கவேண்டியது என்பதால் எனக்கு வலித்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த முதல் சில வருடங்கள் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்னொன்றும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. எங்கே கிளம்புவதென்றாலும் ஒரு மணி நேரம் முன்பே வாசலில் போய் நிற்பாள். உட்காரமாட்டாள். தண்ணீர் குடிக்கமாட்டாள். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு அப்படித்தான் நின்றாள். வேலூரில் கல்லூரிக்குப் போனபோது பஸ் நிலையத்திலும் அப்படித்தான் நின்றாள். "பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கு, போய் ஒரு காபி குடிச்சுட்டு வா" என்றால், "வேணாம்பா, போயிடும்" என்பாள். எனக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒருமுறை ஈடுகட்டப் பார்த்தேன். அவளை மட்டும் தனியாக ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் நாலு தடவை வாந்தி எடுத்தாள். ஏரிக்கரையில் களைத்துப்போய் உட்கார்ந்து, "இதுக்காப்பா அன்னிக்கு அவ்ளோ ஆசைப்பட்டேன்?" என்றாள். படகில் ஏறவில்லை. உண்மையைச் சொல்லாமல் இடத்தை மட்டும் காட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை.

காலம் போனது. அவளுக்குக் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். வாந்தி எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. பெண் குழந்தை பிறந்தது. கோபமும் ஆறிவிட்டதுபோலத்தான் இருந்தது. அத்தை என்றால் வாய்நிறையப் பேசமாட்டாள், அவ்வளவுதான். அதன் இடத்தில் ஒரு வேடிக்கைக் கதை வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு பேர் கூடினால் அவளே அதைச் சொல்வாள். "எங்க அத்தை ஒரு சொம்பு கூழுக்கு என் ஏற்காட்ட காலி பண்ணாங்க" என்று ஆரம்பிப்பாள். அக்கா கூழ்க்கரண்டியோடு வந்து கூப்பிட்டதை நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா இருந்தால் அவளும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

பேத்திக்கு மூன்று வயது நடந்த கோடை. நான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். மகளும் மருமகனும் ஒரு வாரம் வந்திருந்தார்கள். ஒருநாள் செஞ்சிக் கோட்டைக்குப் போய்வரலாம் என்று பேச்சு. வெயிலில் குழந்தையை எப்படி மலையேற்றுவது என்று மருமகன் யோசித்தார். என் மனைவி, "பாப்பா தூங்கும்போது நீங்க கெளம்பிடுங்க. எழுந்தா நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்" என்றாள். மறந்துபோய்த்தான் சொன்னாள். ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாள்.

மகள் சிரித்தாள். "எங்க பரம்பரைல வண்டிய உடறதுக்குன்னே ஒரு ராசி இருக்கு" என்று மருமகனிடம் அந்தக் கூழ்க் கதையை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை, "நல்ல மனுஷிதான், ஆனா எங்க அத்தைக்கு யாரும் எங்கயும் சந்தோஷமா போவக்கூடாது" என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. மருமகன் சிரித்தார். பேத்தி எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். அக்காவுக்கு அப்போது எழுபதுக்கு மேல். தனியாக அதே வீட்டில் இருந்தாள். நான் சொல்லாமல் செத்தால் அந்தக் கதை என் பேத்தி வாயில் போய் உட்காரும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை மருமகன் கடைக்குப் போயிருந்தார். மகள் சமையலறையில் மாங்காய் அரிந்துகொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அன்னிக்கு வேன் அந்த வழியா வர்லம்மா."

"எந்த வேன்?"

"ஏற்காடு வேன். நேரா செங்கம் ரோட்லயே போயிடுச்சு. மலைய சுத்தல. வரும்னு நான் பொய் சொன்னேன். உன்னை விட்டுட்டு போறதுக்கு. நீ வாந்தி எடுத்தா எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இன்னும் இரண்டு துண்டு அரிந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

"தெரியும்."

"அத்தைக்கு?"

"அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள், "நான் கேட்டேன் இல்லப்பா? உள்ள போனப்பதான் வேன் போயிடுச்சான்னு உங்கள கேட்டேன் இல்ல?" என்றாள். குரல் உயரவில்லை. "பதினெட்டு வருஷமா அந்தப் பொம்பளைய வச்சு எல்லார் முன்னாலயும் சிரிச்சுனு இருக்கேன்."

கை கழுவினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வேணாம்" என்றாள். ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனாள். மாலையில்தான் திரும்பினாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. மறுநாளே சென்னைக்குக் கிளம்பினார்கள். செஞ்சிக்குப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றேன்.

"இன்னாடா, செருப்புக்குள்ள தேள் கீள் பூந்துச்சா? உள்ள வா" என்றாள்.

சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்டேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற? நான் கூழுக்குக் கூப்ட்டது நெஜம்தானே. முந்தின நாள் ராத்திரிலேர்ந்து பட்டினி. நீதான் சொன்னியாம், துன்னலன்னா வாந்தி வராதுன்னு."

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல? இத்தன வருஷம் ஏன் வாங்கிக்கட்டிக்கின?"

"அப்பன் பொய் சொல்றான்னு அந்த வயசுல சொல்லிட்டா, அப்பறம் அது யாரை நம்பும்? அத்தை எப்ப வேணா பகையாளியாவலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நீ சொல்லுவேன்னு பாத்தேன். நாளைக்குச் சொல்லுவான், நாளன்னிக்குச் சொல்லுவான்னு பாத்தேன். அந்தக் கோவம் எனக்குக் கீதுடா. இல்லன்னு சொன்னா பொய்" என்றாள். பிறகு, "அந்த ஆபீசர் ஊட்டம்மா பொடவை இன்னா ஆச்சு, வெளுத்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள்முன் சிரிப்பதை அன்றோடு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மகள் பல மாதம் என்னிடம் பேசவில்லை. போன் வந்தால் அம்மாவிடம் பேசுவாள். தீபாவளிக்கு வரவில்லை. என் மனைவி என்மேல் வருத்தப்பட்டாள். "ஆறிப்போனதைக் கிளறிட்டீங்களே" என்றாள். ஆறியது யாருக்கு என்று கேட்டேன். சில நாள் கழித்து அவளே மகளிடம் போனில், "நானும் வாயத் தொறக்கல இல்ல, என்னையும் திட்டு" என்று சொல்வது கேட்டது.

அடுத்த கோடையில் மகளும் பேத்தியும் வந்தார்கள். அக்கா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. புதுச்சேரிக்கு ஒரு கார் ஏற்பாடு செய்திருந்தாள் மகள். அக்கா, மகள், பேத்தி, என் மனைவி. கிளம்புகிற அன்று காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள்.

"கார்ல எடம் இருக்குப்பா. ஆனா உங்கள கூட்டிட்டு போவல. எனக்கு இன்னும் மனசு வர்ல. சொல்லாம போவக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போறேன்."

"சரிம்மா" என்றேன்.

எனக்கு வலித்தது. ஆனால் அவள் என்னிடம் நேராக நின்று சொன்னாள். ஏற்காட்டுக்குக் கிளம்பியபோது நான் அவளிடம் செய்யாதது அது.

பொழுது சாய்வதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். அக்காவை அவள் வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். பேத்தி தலையெல்லாம் மணலோடு வந்து என் மடியில் ஏறினாள். அத்தைப் பாட்டி அலையைப் பார்த்துப் பயந்து கத்தியதைச் சொன்னாள். பிறகு, "நீ ஏன் தாத்தா வர்ல?" என்று கேட்டாள்.

என் மனைவி சட்டென்று, "தாத்தாவுக்கு முட்டி வலி" என்றாள்.

மகள் ஈரத்துணிகளை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் கை நின்றது.

"முட்டி வலியெல்லாம் இல்லம்மா" என்றேன். "உங்க அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப நான் ஒரு பெரிய பொய் சொன்னேன். அதுல அம்மாவுக்கு என்மேல கோவம். அதான் கூட்டிட்டு போவல."

"இன்னா பொய்?"

சொன்னேன். நாலு வயதுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். வேன், மலை, அத்தை வீடு, நின்றுகொண்டிருந்தது. பேத்தி வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். நான் ஏற்காடு போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தினேன். அதற்குமேல் அடி அண்ணாமலையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் எப்போதும் கேட்டதில்லை.

"அப்பறம் அம்மா இன்னா பண்ணாங்க?" என்றாள் பேத்தி.

மகள் வாளியைத் தள்ளிவைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா வேனைத் தேடினு நடந்தே போயிட்டேன்" என்றாள், குழந்தையிடம்தான். "கூடையைத் தூக்கினு ஆசிரமம் பக்கமா. எல்லாரும் இப்டி வருவாங்க இல்ல, நான் எதிர்ப்பக்கமா போறேன். ரொம்ப தூரம். செருப்பு கூட போடாம எங்க அத்தை பின்னாலயே ஓடியாந்தாங்க. தார் ரோடு. நல்ல வெயில். என்னை இடுப்புல தூக்கினு அவ்ளோ தூரமும் திரும்பி நடந்தாங்க. ரெண்டு நாள் அத்தையால கால ஊன முடியல."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். கடலிலிருந்து வந்த முகத்தில் உப்பு காய்ந்திருந்தது.

"இது தெரியுமாப்பா உங்களுக்கு?"

"தெரியாதும்மா" என்றேன். "சொல்லு."